கோதுமை, மூட்டுவலி, ஒரு குழாய் ரத்தம்

“சப்பாத்தியை விட்டேன், ரெண்டே வாரத்துல முழங்கால் வலி போயிடுச்சு.” இப்படிச் சொல்கிறவர் இன்று பல குடும்பங்களில் இருக்கிறார். அவர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அந்த வலி போனதற்குப் பல காரணங்கள் உண்டு. அவற்றில் ஒன்று வாழ்நாள் முழுக்கக் கவனிக்க வேண்டிய நோய். சப்பாத்தியை விட்ட அதே நாளில், அந்த நோயைக் கண்டுபிடிக்கும் வழியையும் அவர் தெரியாமல் அடைத்துவிடுகிறார். அதனால் சொல்ல வேண்டியதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கோதுமைதான் உங்கள் வலிக்குக் காரணமோ என்று சந்தேகம் வந்தால், பரிசோதனைகள் எல்லாம் முடியும் வரை கோதுமையை நிறுத்தாதீர்கள். ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

குளூட்டன் என்றால் என்ன என்பதை உங்கள் அடுப்படியிலேயே பார்க்கலாம். ஒரு கை மைதாவைப் பிசைந்து கால் மணி நேரம் வைத்திருந்து, பிறகு குழாயடியில் பிடித்துக் கசக்குங்கள். பால் போல ஓடுவது மாவுச்சத்து. கடைசியில் கையில் மிஞ்சுகிற, ரப்பர் போல இழுபடுகிற உருண்டைதான் குளூட்டன். பரோட்டா மாஸ்டர் மாவை வீசும்போது அது கிழியாமல் விரிவது இந்தப் புரதத்தால்தான். கோதுமை, பார்லி, ரை ஆகியவற்றில் இது இருக்கிறது. அரிசி, கேழ்வரகு, கம்பு, சோளம், தினை, சாமை, வரகு, குதிரைவாலி எதிலும் இல்லை. ரவை, மைதா, சேமியா மூன்றும் கோதுமைதான் என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். “நான் கோதுமையே தொடறதில்ல” என்பவர் காலையில் ரவா உப்புமா சாப்பிட்டிருப்பார்.

குளூட்டன் ஒத்துக்கொள்ளாதவர்கள் எல்லோரும் ஒரே ரகம் இல்லை. முதல் ரகம் சீலியாக் நோய். இது ஒவ்வாமை அல்ல. நோய் எதிர்ப்பு மண்டலம் குளூட்டனைக் கண்டு கொதித்து, தன் சிறுகுடலையே தாக்கும் நோய். இரண்டாவது, கோதுமை ஒவ்வாமை. சாப்பிட்ட சற்று நேரத்தில் தடிப்பு, மூச்சுத்திணறல், வாந்தி என்று வரும். மூட்டுவலிக்கும் இதற்கும் பெரிய தொடர்பு கிடையாது, எனவே இதை இங்கே விட்டுவிடலாம். மூன்றாவது, பரிசோதனைகளில் எதுவும் தெரியாமல், ஆனால் கோதுமை சாப்பிட்டால் வயிறு உப்புவது, தலை மந்தமாவது, உடம்பு வலிப்பது என்று அவதிப்படுகிறவர்கள். இதை சீலியாக் அல்லாத குளூட்டன் உணர்திறன் என்கிறார்கள்.

சீலியாக்கில் நடப்பது இது. குளூட்டனை நம் செரிமான நீர்களால் முழுதாக உடைக்க முடியாது. எல்லோருக்குமே கொஞ்சம் நீளமான துண்டுகள் மிஞ்சும். பெரும்பாலோருக்கு அதனால் ஒன்றுமில்லை. டிகியூ2 அல்லது டிகியூ8 என்ற மரபணு வகை உள்ளவர்களில் சிலருக்கு மட்டும், எதிர்ப்பணுக்கள் அந்தத் துண்டுகளை எதிரியாக எடுத்துக்கொள்கின்றன. சிறுகுடலின் உட்சுவரில் குளியல் துண்டின் மேற்பரப்பு போல நிற்கும் குடலுறிஞ்சிகள் இந்தச் சண்டையில் மழுங்கித் தட்டையாகின்றன. சத்தை உறிஞ்சும் பரப்பு சுருங்குகிறது. உடம்பிலேயே உள்ள டிரான்ஸ்குளூட்டமினேஸ் என்ற நொதிக்கு எதிராகவும் எதிர்ப்பொருள்கள் உருவாகின்றன. இன்று ரத்தத்தில் நாம் தேடுவது அந்த எதிர்ப்பொருளைத்தான்.

இந்த நோயைக் கோதுமையோடு முடிச்சுப் போட்டவர் நெதர்லாந்துக் குழந்தை மருத்துவர் வில்லெம் டிக்கே. இரண்டாம் உலகப் போருக்கு முன்பே அவருக்கு அந்தச் சந்தேகம் உண்டு. 1944-45 பஞ்சக் குளிர்காலத்தில் ரொட்டிக்கே வழியில்லாமல் நாடு தவித்தபோது இந்த நோயுள்ள குழந்தைகள் தேறினார்கள். ரொட்டி திரும்பி வந்ததும் மறுபடி நலிந்தார்கள். 1950இல் அவர் தன் ஆய்வேட்டை வெளியிட்டார். ஆரம்பமே குழந்தைகளில் என்பதால், வயிற்றுப்போக்கும் எலும்பும் தோலுமான உடம்பும் உள்ள பிள்ளைகளின் நோய் இது என்ற எண்ணம் மருத்துவ உலகில் வெகுகாலம் நிலைத்துவிட்டது. நாற்பது வயதில், மலம் ஒழுங்காகப் போகிற, கொஞ்சம் பருமனாகக்கூட இருக்கிற ஒரு பெண் இடுப்பு வலிக்கிறது என்று வந்தால் குடலைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. வயிற்றுத் தொல்லையே இல்லாமல் ரத்தசோகையும் எலும்பு வலியுமாக மட்டும் வெளிப்படும் சீலியாக் உண்டு.

அந்த வலி மூட்டுக்கும் தசைக்கும் வருகிற பாதைகள் வேறு வேறு.

நேரான பாதை, அழற்சி. குடலில் கிளம்பிய கொந்தளிப்பு ரத்தத்தோடு போய் மூட்டுகளின் உறையில் உட்காருகிறது. முழங்கால், தோள், இடுப்பு, கணுக்கால், முதுகின் அடியில் இடுப்பெலும்பு சேருமிடம் ஆகியவை வலிக்கலாம். சிலருக்கு வீக்கம் தெரியும்; பலருக்கு வலி மட்டும்தான். காலையில் எழுந்ததும் மூட்டு இறுகிப்போய், அரை மணி நேரத்துக்கு மேல் இளகாமல் இருந்தால் அழற்சியைச் சந்தேகிக்க வேண்டும். வயதால் வரும் தேய்மானத்தில் அந்த இறுக்கம் சில நிமிடங்களில் விட்டுவிடும். நடக்க நடக்கத்தான் வலி கூடும். முடக்குவாதம் மூட்டின் எலும்பை அரிப்பதுபோல இந்த அழற்சி பொதுவாக அரிப்பதில்லை.

இன்னொரு பாதை எலும்பின் பட்டினி. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசைப்படுகிறேன். ஏனென்றால் மூட்டுவலி என்ற பெயரில் வருடக்கணக்காக மாத்திரை விழுங்கியவர்களில், கண்டுபிடித்தால் நன்றாகத் தேறக்கூடியவர்கள் இவர்கள்தான்.

ரத்தத்தில் கால்சியம் ஒரு அளவுக்குக் கீழே போகக் கூடாது. போனால் நரம்பும் இதயமும் தடுமாறும். குடல் வழியாகக் கால்சியமும் வைட்டமின் டியும் வராதபோது, கழுத்திலுள்ள பாராதைராய்டு சுரப்பிகள் எலும்பிலிருந்து கால்சியத்தைக் கரைத்து ரத்தத்துக்குக் கொடுக்கத் தொடங்கும். புதிதாக உருவாகும் எலும்பும் சுண்ணாம்புச்சத்து ஏறாமல் பச்சை மரம்போல மெத்தென்று நின்றுவிடும். ஆஸ்டியோமலேசியா என்பது இதுதான். இந்த வலிக்குச் சரியான இடம் கிடையாது. “எங்கே வலிக்குது?” என்று கேட்டால் விரல் வைத்துக் காட்ட முடியாது, தொடை, இடுப்பு, விலா, முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பு என்று பரவலாக வலிக்கும். முன்னெலும்பை அழுத்தினால் துடிப்பார்கள். கூடவே இடுப்பையும் தோளையும் சுற்றியுள்ள பெரிய தசைகள் வலுவிழக்கும். தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தவருக்குக் கையை ஊன்றாமல் எழ முடியாது. பேருந்துப் படியில் கம்பியைப் பிடித்து உடம்பை இழுத்துத்தான் ஏற வேண்டியிருக்கும். நடை ஆடி ஆடி வரும். மூட்டை எக்ஸ்ரே எடுத்தால் பெரிதாக எதுவும் தெரியாது, முடக்குவாதப் பரிசோதனையும் இல்லையென்று வரும். கடைசியில் “வயசு, வேலை, மனசு” என்று ஏதோ ஒன்றின் மேல் பழி விழும். ரத்தத்தில் அல்கலைன் பாஸ்பட்டேஸ் என்ற அளவு கூடியிருப்பதை யாராவது கவனித்தால் கதை திரும்பும்.

வைட்டமின் டி குறைவு நம் நாட்டில் சீலியாக் இல்லாதவர்களுக்கும் மிகச் சாதாரணம் என்பதையும் சொல்லியாக வேண்டும். அது குறைந்திருக்கிறது என்பதற்காகக் குடலைச் சந்தேகிக்க வேண்டாம். வாரம் ஒன்றாக 60,000 யூனிட் மருந்தை மருத்துவர் சொன்னபடி ஒழுங்காகச் சாப்பிட்டும் அளவு ஏறவில்லை என்றால் சந்தேகிக்கலாம். இரும்புச்சத்தும் அப்படித்தான். இரும்பை உறிஞ்சுவது முன்சிறுகுடல்; சீலியாக் அதிகமாகத் தாக்குவதும் அதே இடம். மாதக்கணக்கில் இரும்பு மாத்திரை போட்டும் ஹீமோகுளோபின் நகராத பெண்ணுக்கு உடம்பு வலியும் இருந்தால், மாத்திரையை மாற்றுவதற்கு முன் குடலைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். மெக்னீசியம், பொட்டாசியம் குறைந்தால் இரவில் கெண்டைக்கால் சதை சுருட்டி இழுக்கும். பி12 குறைந்தால் பாதத்தில் எரிச்சலும் மதமதப்பும் வரும். இவை எல்லாவற்றையும் சேர்த்து நம் வீடுகளில் ‘கை கால் குடைச்சல்’ என்ற ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம்.

சீலியாக் தனியாக வராமல் கூட்டாளிகளோடும் வரலாம். தைராய்டு சுரப்பியை உடம்பே தாக்கும் நோய், முதல் வகைச் சர்க்கரை நோய் ஆகியவை இவர்களுக்கு மற்றவர்களைவிட அதிகம். தைராய்டு குறைந்தாலே தசை வலிக்கும், மூட்டு கனக்கும். அப்போது கோதுமையை மட்டும் விட்டு, தைராய்டு மாத்திரையைப் போடாமல் இருந்தால் வலி போகாது.

இனி மூன்றாவது ரகத்தார். கோதுமை சாப்பிட்ட சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ வயிறும் உடம்பும் படுத்தும், நிறுத்தினால் சரியாகும், மறுபடி சாப்பிட்டால் திரும்பும். மூட்டுவலி, தசைவலி, கை கால் மரத்துப்போவது ஆகியவை இவர்கள் அடிக்கடி சொல்லும் தொல்லைகள். இதை உறுதிசெய்ய ரத்தப் பரிசோதனை எதுவும் இல்லை. மற்றவற்றை எல்லாம் இல்லையென்று ஒதுக்கிய பிறகே இந்த முடிவுக்கு வர முடியும். குற்றவாளி குளூட்டன்தானா என்பதிலும் சந்தேகம் இருக்கிறது. நார்வேயில் 59 பேரை வைத்து நடந்து 2018இல் வெளியான ஒரு பரிசோதனையில், எது என்று தெரியாதபடி குளூட்டன் கலந்தது, ஃபிரக்டான் கலந்தது, எதுவும் கலக்காதது என மூன்று வகைத் தின்பண்டங்களைக் கொடுத்தார்கள். குளூட்டன்தான் ஒத்துக்கொள்ளவில்லை என்று நம்பிவந்த அவர்களுக்கு வயிற்றுத் தொல்லையை அதிகமாகக் கொடுத்தது ஃபிரக்டான். அது கோதுமையில் உள்ள ஒருவகை கார்போஹைட்ரேட்; வெங்காயத்திலும் பூண்டிலும் ஏராளமாக உண்டு. சப்பாத்தியை நிறுத்தியவருக்குச் சாம்பாரிலும் அதே தொல்லை வந்தால் இதை நினைவில் வையுங்கள். இவர்களின் வலி கற்பனை என்று நான் சொல்லவில்லை. வலி நிஜம், காரணம் இன்னும் துலங்கவில்லை, அவ்வளவுதான்.

தமிழ்நாட்டில் இதெல்லாம் எவ்வளவு பேருக்கு? இந்தியாவின் மூன்று பகுதிகளில் 23,331 பேரைப் பரிசோதித்து 2016இல் வெளியான ஆய்வில், சீலியாக் எதிர்ப்பொருள் வடக்கே நூற்றுக்கு 1.23 பேருக்கும், வடகிழக்கில் 0.87 பேருக்கும், தெற்கே 0.10 பேருக்கும் இருந்தது. தெற்குக்கு எடுத்துக்கொண்ட இடம் வேலூர். மரபணுவில் நமக்கும் வடக்கத்தியருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை: அந்த வகை உள்ளவர்கள் வடக்கே 38.1 சதவீதம், தெற்கே 36.4 சதவீதம். வித்தியாசம் தட்டில்தான். ஒரு நாளைக்குச் சாப்பிடும் கோதுமை அங்கே சராசரியாக 455 கிராம், இங்கே 25 கிராம்.

இதிலிருந்து நான் புரிந்துகொள்வது இரண்டு. இங்கே மூட்டுவலிக்காரர்களில் பெரும்பாலோருக்குக் காரணம் குளூட்டன் அல்ல. தேய்மானம், முடக்குவாதம், சிக்குன்குனியா விட்டுச்சென்ற வலி என்று வேறு ஏதோ ஒன்றுதான். ஆனாலும் மரபணு தயாராக இருக்கிறது. சர்க்கரை வந்த வீடுகளில் ராத்திரிச் சோறு சப்பாத்தியாக மாறிவிட்டது. டெல்லியிலும் லண்டனிலும் டொராண்டோவிலும் வாழும் தமிழர்கள் கோதுமைத் தட்டுக்கே குடிபெயர்ந்துவிட்டார்கள். தமிழருக்கு இந்த நோய் வராது என்று மருத்துவரோ உறவினரோ சொன்னால் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை.

யாரைப் பரிசோதிக்க வேண்டும்? காரணம் தெரியாத மூட்டு, எலும்பு, தசை வலியோடு, மருந்துக்கு மசியாத ரத்தசோகை, அடிக்கடி வரும் வாய்ப்புண், நாள்பட்ட வயிற்றுப்போக்கு அல்லது உப்புசம், காரணமில்லாத எடைக்குறைவு, முழங்கையிலும் முழங்காலிலும் அரிக்கும் சிறு கொப்புளங்கள், சிறு வயதிலேயே எலும்பு தேய்வது, திரும்பத் திரும்பக் கருச்சிதைவு இவற்றில் ஏதாவது இருப்பவரை. டிரான்ஸ்குளூட்டமினேஸுக்கு எதிரான டிடிஜி ஐஜிஏ என்ற எதிர்ப்பொருள் அளவையும், மொத்த ஐஜிஏ அளவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சிலருக்குப் பிறவியிலேயே ஐஜிஏ வகை எதிர்ப்பொருள் சுரக்காது. அவர்களுக்கு முதல் பரிசோதனை மட்டும் பார்த்தால் நோய் இருந்தும் இல்லை என்று வரும். எதிர்ப்பொருள் கூடியிருந்தால், பெரியவர்களுக்குப் பொதுவாக எண்டோஸ்கோபி செய்து முன்சிறுகுடலிலிருந்து திசுத் துணுக்குகள் எடுத்துப் பார்ப்பார்கள்.

இப்போது, தொடக்கத்தில் சொன்ன காரணம். கோதுமையை நிறுத்தினால் எதிர்ப்பொருள் மெல்ல இறங்கும், குடலும் ஆறத் தொடங்கும். அது நல்லதுதான், ஆனால் அதன் பிறகு பரிசோதித்தால் தடயம் இருக்காது. ஏற்கெனவே நிறுத்தியவர்கள் பரிசோதனைக்கு முன் குறைந்தது ஆறு வாரம், தினமும் ஒன்றுக்கு மேற்பட்ட வேளை கோதுமை சாப்பிட்டிருக்க வேண்டும் என்கிறது பிரிட்டன் வழிகாட்டுதல். நிறுத்தி நிம்மதியானவர்களுக்கு அந்த ஆறு வாரம் கொடுமை. அதைத் தாங்க முடியாதவர்கள் மருத்துவரிடம் மரபணுப் பரிசோதனை பற்றிக் கேட்கலாம். அதற்கு எதை நிறுத்தினாலும் மாற்றமில்லை. டிகியூ2, டிகியூ8 இரண்டும் இல்லையென்றால் சீலியாக் அநேகமாக இல்லை. இருக்கிறது என்று வந்தாலும் அது மட்டுமே நோயை உறுதிசெய்யாது. மூவரில் ஒருவருக்கு மேல் அது இருக்கிறதே. நூறு உணவுகளின் பெயர் போட்டு ‘ஐஜிஜி’ பட்டியல் தரும் பரிசோதனைகளுக்குப் பணம் கட்டாதீர்கள். நீங்கள் எதைச் சாப்பிட்டு வந்திருக்கிறீர்கள் என்பதைத்தான் அவை காட்டும்.

ரத்தம் கொடுத்தாகிவிட்டது, சீலியாக் உறுதியாகிவிட்டது என்றால் குளூட்டனை முழுக்க விட வேண்டும், ஆயுள் முழுக்க. ஒரு நாளைக்கு 50 மில்லிகிராம் குளூட்டன் தொடர்ந்து போனாலே குடல் கெடுவது ஆய்வில் தெரிந்திருக்கிறது. ஒரு துண்டு ரொட்டியில் இருப்பது அதைப்போல் பல பத்து மடங்கு. பஞ்சாபிக் குடும்பத்துக்கு இது தட்டையே தலைகீழாக்கும் செய்தி. நமக்கு அப்படி இல்லை. இட்லி, புட்டு, இடியாப்பம், ஆப்பம், பொங்கல், களி, கூழ் எல்லாம் அப்படியே இருக்கும். நம்மைக் கவிழ்ப்பது ஓரங்கள்தான்.

அவற்றில் முதலாவது பெருங்காயம். கடையில் வாங்கும் கூட்டுப் பெருங்காயம், கட்டியானாலும் பொடியானாலும், மாவு சேர்த்துச் செய்தது. அந்த மாவு பல தயாரிப்புகளில் கோதுமை அல்லது மைதா. அரிசி மாவு சேர்த்ததும் கிடைக்கிறது. டப்பாவின் பின்புறத்தைப் படிக்காமல் ரசத்தில் போடாதீர்கள். அடுத்தது மாவு மில். உங்களுக்கு முன்னால் வந்தவர் கோதுமை அரைத்த இயந்திரத்தில் உங்கள் அரிசியையோ கேழ்வரகையோ கொட்டினால், முதல் சில கிலோவில் கோதுமையும் கலந்தே விழும். தனியாக வீட்டில் அரைப்பது சிரமம்தான், ஆனாலும் இந்த நோயாளிக்கு அது மருந்து. ஓட்டலில் பரோட்டா போடும் கல்லிலேயே தோசை வார்ப்பார்கள். சமோசா பொரித்த எண்ணெயில் வடை பொரியும். சத்துமாவில் கோதுமை இருக்கும். மால்ட் கலந்த சத்துபானங்களில் பார்லி இருக்கிறது. கோடையில் குடிக்கும் பார்லித் தண்ணீரும் ஆகாது. கோபி 65 மேல்பூச்சில் மைதா, சோயா சாஸில் கோதுமை. சிறுதானிய நூடுல்ஸ், ராகி பிஸ்கட் என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தாலும் பின்புறச் சிறிய எழுத்தில் கோதுமை மாவு இருப்பதுண்டு. திருநெல்வேலி அல்வா கோதுமைப் பாலில் கிண்டுவது. பிழிந்த பாலில் மாவுச்சத்துதான் அதிகம் என்றாலும் குளூட்டன் முற்றிலும் நீங்கியிருக்காது. குளூட்டன் இல்லாதது என்று அச்சிட, கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு விதி. அந்த வரியைத் தேடிப் பாருங்கள்.

வலி எப்போது குறையும்? அழற்சி வலி என்றால் சில வாரங்களிலிருந்து சில மாதங்களுக்குள் தணிய வாய்ப்பு அதிகம். எலும்பு மென்மையானதால் வரும் வலி, வைட்டமின் டியும் கால்சியமும் சேர்த்துக் கொடுத்தால் மாதக்கணக்கில் குறையும். எலும்பு முழுதாகத் தேற வருடக்கணக்கும் ஆகலாம். குடலுறிஞ்சிகள் வளரப் பெரியவர்களுக்கு ஓரிரு ஆண்டு பிடிக்கும். பல மாதமாகியும் வலி அப்படியே இருந்தால் முதலில் பெருங்காய டப்பாவையும் மாவு மில்லையும் சந்தேகியுங்கள். அடுத்து, வேறு நோய் உண்டா என்று பாருங்கள். ஐம்பது வயதில் தேய்ந்த முழங்கால் குளூட்டனை விட்டதால் வளராது. முடக்குவாதம் உள்ளவர்கள் கோதுமையை விட்டேன் என்று மருந்தை நிறுத்தக் கூடாது. மூட்டு கோணிய பிறகு நேராக்க முடியாது. குடல் புண்ணாகியிருக்கும்போது வலி மாத்திரையைத் தானாக வாங்கிப் போடுவதும் ஆபத்து; அதில் பல வகைகள் சிறுகுடலையே புண்ணாக்கும்.

வீட்டில் ஒருவருக்கு உறுதியானால் பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகளுக்கும் பரிசோதனை தேவை. அவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு இது இருக்கலாம். ராத்திரியில் கால் வலிக்கிறது என்று அழுகிற குழந்தைக்கு, வளர்கிற வயசு என்று சொல்லி எண்ணெய் தேய்த்துவிடுகிறோம். அந்தக் குழந்தை வயதுக்கேற்ற உயரம் வளரவில்லை என்றாலோ, குடும்பத்தில் ஒருவருக்கு சீலியாக் இருந்தாலோ, எண்ணெயோடு நிறுத்திக்கொள்ளாமல் ரத்தத்தையும் பார்த்துவிடுங்கள். அதுவரை அந்தக் குழந்தை சாப்பிடும் சப்பாத்தி அப்படியே இருக்கட்டும்.